பிடிவாதக்கார இடப்பக்கம்

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பொத்தானை அமுக்குகிறவனுக்கு, உள்ளே இரும்பைச் சீவுவது தன் கைதான் என்ற நினைப்பு எப்படியோ வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில், கணினி சொல்கிறபடி இரும்பைக் கடைகிற இயந்திரம் ஒன்றைக் காவல் காப்பதுதான் என் தொழில். தலைமயிர் அகலத்தில் ஒரு துளி பிசகினாலும் அது சிவப்பு விளக்கைப் போட்டு என்னைக் கூப்பிடும். நான் போய் எட்டிப் பார்த்து, எல்லாம் விளங்கியவன்போலத் தலையை ஆட்டிவிட்டுப் பொத்தானை அமுக்குவேன். இப்படியே பல வருடம் போனதில், 'இரும்பு என்றால் சத்தியசீலன்' என்று எனக்கு நானே ஒரு பட்டம் கொடுத்துக்கொண்டேன். (வேறு யாரும் கொடுக்கவில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.)

அரம் என்ற சாமானை நான் அதுவரை கையால் தொட்டதே இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

நாற்பது தாண்டியதும் எனக்கு முதுகுவலி வந்தது. வைத்தியர் நீந்தச் சொன்னார். நான் சுடப் போனேன். எங்கள் ஊரில் பாட்டுக்குழு இருக்கிறது, தீயணைப்புக் குழு இருக்கிறது, அவற்றோடு ஒரு ஷூட்சன்ஃபெரைனும் இருக்கிறது. குறிபார்த்துச் சுடுகிறவர்களின் சங்கம். பத்து மீற்றர் தூரத்தில் உள்ளங்கை அகலக் கடதாசி. கையில் காற்றழுத்தத்தில் சுடும் பிஸ்டல். பயறு அளவில் ஈயக் குண்டு. ஒரு மணித்தியாலம் அசையாமல் நிற்பதை விளையாட்டு என்று ஒத்துக்கொள்ளும் இடம் அது ஒன்றுதான் என்று கேள்விப்பட்டதும், எனக்கென்றே கட்டிய இடம் என்று தோன்றியது.

வீட்டில் சொன்னபோது என் மனைவி சுகந்தி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"துவக்கோ?"

"இது காத்தில சுடுறது, சுகந்தி. வெறும் காத்து."

"உந்தத் துவக்குச் சத்தம் கேக்கக் கூடாது எண்டுதானே நாங்கள் நாடு விட்டு நாடு வந்தனாங்கள். இப்ப நீங்கள் மாதாமாதம் காசு கட்டி, தேடிப் போய்ச் சுடப் போறியளோ?"

"விளையாட்டுக்குத்தான்."

"காத்தோ நெருப்போ, துவக்கு துவக்குத்தான். வாசல் தாண்டி உள்ளுக்கு வரக் கூடாது. சொல்லிப்போட்டன்."

சின்ன வயதில் பதுங்குகுழிக்குள் இருந்து வாய்ப்பாடு பாடமாக்கியவள் அவள். மற்ற எல்லா விஷயத்திலும் அவளோடு மல்லுக்கட்டுகிற நான், அந்த ஒன்றில் வாய் திறப்பதில்லை. அதனால் பிஸ்டல் எப்போதும் சங்கத்தின் பூட்டிய அலுமாரியிலேயே இருந்தது. இந்தச் சட்டம்தான் பிறகு என்னைக் கவிழ்த்தது. ஆனால் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் சுட்டது என் சொந்தப் பிஸ்டலால் இல்லை. எங்கள் அணித் தலைவி ஹைக்கே இரவல் தந்தது. ஹைக்கேக்கு என் வயதுதான். பல் கட்டும் கூடத்தில் வேலை. வைத்தியர் அளவு எடுத்து அனுப்ப, செயற்கைப் பல்லை வார்த்து, தேய்த்து, மெருகு போட்டுக் கொடுப்பவள். பேச்சும் அப்படித்தான், தேவையில்லாத எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் சொல்வாள். அந்தப் பழைய பிஸ்டலை அவளுடைய அப்பா அவளுக்குப் பள்ளிக்கூட வயதில் வாங்கிக் கொடுத்தாராம். அதை ஹைக்கே என் கையில் தந்தபோது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "கவனம்."

இரண்டாம் மாதம் நான் அதை மேசை விளிம்பில் இடித்தேன்.

குழாயின் முனையில் நகமளவில் நிற்கும் இரும்புத் துண்டு ஒன்று உண்டு. அதைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்துதான் குறி பார்க்க வேண்டும். ஜெர்மன்காரர்கள் அதைக் கோர்ன், அதாவது தானியமணி என்பார்கள். மணி உடைந்துவிட்டது. அந்த மாதிரிப் பிஸ்டல் இப்போது யாரும் செய்வதில்லை. ஹைக்கே எங்கெல்லாமோ எழுதிக் கேட்டு, ஒரு பழைய கடைக்காரரின் இழுப்பறையில் கிடந்த கடைசி மணியை வாங்கினாள். கடைசி என்றால் கடைசிதான். "இனிக் கேக்காதே" என்று அவர் அந்தப் பொட்டலத்தின் மேலேயே எழுதி அனுப்பியிருந்தார்.

அந்த மணி வேண்டுமென்றே அளவில் கொஞ்சம் பெரிதாகச் செய்யப்பட்டது. குழாயின் மேல் வாய் குறுகி அடி அகன்ற ஒரு பள்ளம் இருக்கும். மணியின் கால் அதற்குள் பக்கவாட்டில் இறுகிப் போய் உட்கார வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது ஒவ்வொரு பிஸ்டலுக்கும் வேறு. ஆகவே கையால்தான் அராவி, போட்டுப் பார்த்து, திரும்ப அராவிப் பொருத்த வேண்டும்.

"குடு, நான் செய்யிறன்" என்றாள் ஹைக்கே. (அவள் பேசியது ஜெர்மன்தான். என் காதில் விழும்போது எல்லாரும் யாழ்ப்பாணத்துக்கு வந்துவிடுகிறார்கள்.)

சங்கத்தின் பியர் மேசையில் பத்துப் பேர் இருந்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ஹைக்கே, நீ பல்லைப் பார். இரும்பு என்ர தொழில்."

இந்த வசனத்தை அந்தப் பத்துப் பேரும் இன்றுவரை மறக்கவில்லை.

ஹைக்கே என்னோடு மல்லுக்கட்டவில்லை. பிறகு தன் கூடத்திலிருந்து கொண்டுவந்த சின்னக் குப்பியைத் திறந்தாள். உள்ளே சிவப்புக் களிம்பு. பல் வைத்தியரிடம் போனவர்களுக்கு இது தெரியும். புதுப் பல் வைத்ததும் நிறம் பூசிய கடதாசி ஒன்றைக் கடிக்கச் சொல்வார். எங்கே நிறம் ஒட்டுகிறதோ அங்கே பல் முட்டுகிறது, அங்கே தேய்ப்பார். இரும்புக்கும் அதே முறைதான். பள்ளத்துக்குள் மெல்லியதாகச் சிவப்பைப் பூசி, மணியைச் செருகிப் பார்த்து வெளியே எடுத்தாள். காலின் இரண்டு பக்கமும் சிவப்பு ஒட்டியிருந்தது.

"சிவப்பு இருக்கிற இடத்தில மட்டும் அராவு. சிவப்பு போனா நிப்பாட்டு. அதுக்கு மேல ஒரு இழுப்பும் வேண்டாம். சனிக்கிழமை போட்டிக்கு முன்னம் கொண்டு வா, மிச்சத்தை இஞ்ச வைச்சு நான் பாக்கிறன்."

சனிக்கிழமைப் போட்டி எங்கள் சொந்த இடத்தில் நடந்தது. அணிக்கு மூன்று பேர், மூவரின் புள்ளியும் சேரும். ஒருவர் குறைந்தால் சுடாமலே தோல்வி. சங்கத்தின் மற்றப் பிஸ்டல்கள் எல்லாம் பிள்ளைகளின் கைக்கு அளவானவை. ஆகவே அந்த நகமளவு இரும்பு சரியாக வந்தால் நானும் அணியில் உண்டு, அணியும் உண்டு. வராவிட்டால் இரண்டும் இல்லை. இதோடு, அந்த ஊர் முழுக்க என் ஒருவனை வைத்துத்தான் தமிழர்களை எடை போடும் என்ற பாரமும் என் தலையில் இருந்தது. (இந்தப் பொறுப்பையும் யாரும் எனக்குத் தரவில்லை.)

இனி எங்கள் நிலக்கீழ் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வீட்டுக்கு வந்த முதல் நவராத்திரிக்குச் சுகந்தி வரவேற்பறையில் சாம்பிராணி போட்டாள். கூரையில் இருந்த புகைக் கருவி கத்திய கத்தலில் மேல்வீட்டுக்காரர் கால்சட்டை போட மறந்து படியால் ஓடி வந்தார். அன்றைக்கே சரஸ்வதி படம், கும்பம், குத்துவிளக்கு எல்லாம் நிலக்கீழ் அறைக்கு இடம் மாறின. அங்கே புகைக் கருவி இல்லை. அறையின் ஒரு பக்கம் சாமித் தட்டு. மறுபக்கம் என் மேசை. அதில் இரும்பைக் கடித்துப் பிடித்திருக்கும் ஒரு இடுக்கிப்பொறி. புதிதாக வாங்கிய அரத்தையும் அதன் பக்கத்தில் வைத்தேன்.

அந்தக் கிழமை முழுக்க நவராத்திரி. எனக்குப் பின்னேர வேலை. மத்தியானம் போனால் எல்லாரும் படுத்த பிறகுதான் வருவேன். சுகந்தியும் மகள் நிலானியும் காலையில் வெள்ளெனவே போய்விடுவார்கள். நவராத்திரிப் பூசை பொழுதுபட நடக்கும். ஆக, ஒரே வீட்டில் இருந்தும் நானும் மனைவியும் பேசிக்கொண்டது குளிர்ப்பெட்டிக் கதவில் அவள் ஒட்டும் துண்டுகள் மூலமாகத்தான்.

திங்கட்கிழமை காலை, தேநீரும் வானொலியுமாக, மணியைத் தலைகீழாக இடுக்கியில் பூட்டினேன். கால் மேலே பார்த்து நின்றது. அரத்தை எடுத்து முதல் இழுப்பு இழுத்தபோது உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். இத்தனை வருடமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் நடந்தது இப்போது என் விரலுக்குக் கீழே நடக்கிறது! மெல்ல மெல்ல இழுத்தேன். இரண்டு பக்கமும் சிவப்புப் போனது. நிறுத்தினேன். சத்தியமாக நிறுத்தினேன். மேலே ஒரு சொட்டு எண்ணெய் தடவி, இடுக்கியிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அந்த இடத்தில் செத்துப் போயிருந்தால் ஒரு நல்ல கைத்தொழிலாளி என்ற பெயரோடு போயிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை இறங்கிப் பார்த்தால், இடப்பக்கத்தில் சிவப்பு.

சிறிய புள்ளிதான். பிஸ்டல் வீட்டில் இல்லாததால் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. நேற்று ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று என்னையே கடிந்துகொண்டேன். அராவினேன். எண்ணெயில் ஊறிய சிவப்பு அரம் கீறிய கோடுகளுக்குள் இறங்கியிருந்ததால், அது முழுதாகப் போவதற்குக் கொஞ்சம் ஆழமாகவே இழுக்க வேண்டியிருந்தது. பரவாயில்லை, வேலை என்றால் சுத்தமாக இருக்க வேண்டும்.

புதன்கிழமை மறுபடியும் சிவப்பு. அதே இடப்பக்கம். நேற்றையதைவிடப் பெரிது.

இந்த இடத்தில் புத்தியுள்ள ஒருவன் நின்று யோசித்திருப்பான். நானும் யோசித்தேன், அதுதான் பிழையாகப் போனது. இயந்திரம் சிவப்பு விளக்குப் போட்டால் ஏன் என்று கேட்காமல் வேலை செய்து பழகிய மூளை இது. வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் அந்தப் பக்கச் சுவரில்தான் ஓடுகிறது, சூட்டில் இரும்பு விரிகிறது, விரிய உள்ளே குடித்த சிவப்பு வெளியே கசிகிறது என்று ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்தேன். வேலையில் பக்கத்து இயந்திரக்காரரிடம் இதை விளக்கினேன். அவர் பாணைக் கடித்துக்கொண்டே, "ஓம், இரும்பும் மூச்சு விடும்" என்றார். அது பகிடி என்று எனக்கு விளங்க ஒரு கிழமை எடுத்தது.

வியாழக்கிழமை இன்னும் பெரிய சிவப்பு. வெள்ளிக்கிழமை அதைவிடப் பெரிது. வலப்பக்கம் சாதுவாக இருக்க, இந்த இடப்பக்கம் மட்டும் என்னோடு பிடிவாதம் பிடித்தது. நானும் விடவில்லை. 'நீயா நானா' என்று வாய்விட்டே சொன்னேன். சரஸ்வதி படத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளிர்ப்பெட்டித் துண்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை: 'சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி இருக்கு. சூடாக்கிச் சாப்பிடுங்கோ.' புதன்கிழமை: 'சோறு, கறி இருக்கு.' வெள்ளிக்கிழமை வெறும் 'சோறு.' விரதத்தில் களைத்துப்போனாள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை கீழே போனால் இடப்பக்கம் முழுக்க ஒரே சிவப்பு. இனி நேரமில்லை, மிச்சத்தை ஹைக்கே பார்க்கட்டும் என்று பழைய துணித் துண்டொன்றில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

சொந்த இடத்தில் போட்டி என்றால் குடும்பங்களும் வர வேண்டும், ஆளுக்கு ஒரு சாப்பாடு கொண்டுவர வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் வழக்கம். சுகந்தி வருவாள் என்று நான் நினைக்கவில்லை. "பத்துச் சனம் வரேக்க நாங்கள் மட்டும் போகாட்டி மரியாதை இல்லை" என்று எங்கோ பார்த்துச் சொல்லிவிட்டு, ஒரு பெரிய பானை நிறையக் கடலை தாளித்தாள். தேங்காய்ச் சொட்டு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை. அலுமினியத் தாளால் வாயை மூடினாள். வழி முழுக்க என்னோடு பேசவில்லை. பானையோடுதான் பேசினாள்.

மண்டபத்தில் எங்கள் ஆட்கள், எதிரணி ஆட்கள், காப்பி, கேக். ஹைக்கே பிஸ்டலை மேசையில் வைத்து என்னிடம் கை நீட்டினாள். நான் துணியை அவிழ்த்தேன். கொஞ்சம் மெதுவாகவே அவிழ்த்தேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று.

ஹைக்கே மணியைப் பள்ளத்தின் வாயில் வைத்தாள். தள்ளுவதற்கு விரலை எடுத்தாள். தள்ளவே தேவைப்படவில்லை. மணி தானாக உள்ளே போனது, தானாக மறுபக்கத்தால் வெளியே வந்தது, 'டிங்' என்று நிலத்தில் விழுந்தது.

யாரோ காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கரண்டிச் சத்தமும் நின்றது.

ஹைக்கே குனிந்து எடுத்து, பல் வேலைக்கு வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள். "சத்தி, வலப்பக்கம் நல்லாச் செய்திருக்கிறாய். இடப்பக்கம் எங்க?"

"இடப்பக்கம்... கொஞ்சம் பிடிவாதம்" என்றேன். பிறகு சுடுகுழாய், இரும்பின் விரிவு, மூச்சு எல்லாவற்றையும் என் முழு ஜெர்மன் அறிவையும் திரட்டி விளக்கினேன். எதிரணியில் ஒரு பொறியியலாளர் இருந்தார். அவர் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டார்.

ஹைக்கே சிவப்பை விரல்நுனியில் தொட்டாள். தேய்த்தாள். முகர்ந்து பார்த்தாள். "இது என்ர நிறம் இல்லை. இது தூள்."

அப்போதுதான் பானையோடு சுகந்தி பக்கத்தில் வந்தாள். ஹைக்கேயின் விரலைப் பார்த்தாள். மேசையில் இருந்த மணியைப் பார்த்தாள்.

"உது நான் வைச்ச பொட்டெல்லே?"

எனக்கு அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கியது. ஆனால் விளங்கியதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. "எந்தப் பொட்டு? நீரோ வைச்சனீர்?"

"வேற ஆர்? நவராத்திரிக்குத் தையல் மெஷினுக்கு வைச்சன், நிலானியின்ர கொம்பியூட்டருக்கு வைச்சன், உதுக்கும் சாமித் தட்டைப் பாத்த பக்கத்தில வைச்சன். நீங்கள் ஒவ்வொரு நாளும் அழிச்சுப்போட்டுப் போனியள். நான் ஒரு சொல்லுக் கேக்கேல்லை. நீங்கள் அழிக்க அழிக்க நான் பெரிசா வைச்சன்."

"நான் அழிக்கேல்லை! அராவினனான்!"

"பொட்டை ஏன் அராவினனீங்கள்?"

நியாயமான கேள்விதான். இருந்தாலும் குரலை உயர்த்தினேன். "சந்தனமும் வைச்சிருந்தா மணத்திலயாவது பிடிச்சிருப்பன்!"

"சந்தனம் ஈரம். இரும்பு கறள் பிடிக்கும் எண்டு கத்துவியள். அதுக்காகத்தான் குங்குமம் மட்டும் வைச்சனான்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "துவக்கு வேண்டாம் எண்டு நான் சொன்ன கோபத்திலதான் வேணுமெண்டு அழிக்கிறியள் எண்டு நினைச்சன். அது துவக்கின்ர துண்டு எண்டு தெரிஞ்சுதான் வைச்சனான். ஒருத்தருக்கும் ஒரு கெடுதியும் செய்யாமல் இருக்கட்டும் எண்டு."

ஒரு கிழமையாக என் வீட்டில் ஒரு சண்டை நடந்திருக்கிறது. நகமளவு இரும்பின் மேல், அவள் பொழுதுபடவும் நான் காலையிலுமாக முறை வைத்துச் சண்டை போட்டிருக்கிறோம். நான் இரும்போடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு நாள் பூசைக்கு நின்றிருந்தால், அல்லது ஒரே ஒரு காலை வெள்ளென எழும்பி அவளிடம் 'உதென்ன' என்று கேட்டிருந்தால் போதும். வெட்கமாக இருந்தது. அதைவிட, அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"என்ன சொல்லுகினம்?" என்று ஹைக்கே கேட்டாள். கையால் முகத்தை மூடிக்கொண்டு நின்ற நிலானி (பதினாறு வயது, அன்றைக்குத் தனக்குப் பெற்றோரே இல்லை என்பதுபோல நின்றாள்) விரலிடுக்கால் பார்த்து, நல்ல சுத்த ஜெர்மனில், செய்தி வாசிக்கிற குரலில் சொன்னாள்:

"ஒவ்வொரு நாளும் அம்மா அந்த இரும்புக்கு ஆசீர்வாதம் வைச்சிருக்கிறா. ஒவ்வொரு நாளும் அப்பா அந்த ஆசீர்வாதத்தை அரத்தால அராவி எடுத்திருக்கிறார்."

முதலில் ஹைக்கேதான் சிரித்தாள். தேவையில்லாததைத் தேய்த்து எடுத்துவிடுகிறவள் அன்றைக்கு ஒன்றையும் தேய்க்கவில்லை. நாற்காலியைத் தேடிப்பிடித்து உட்கார்ந்து சிரித்தாள். அந்தப் பியர் மேசைப் பத்துப் பேரும் ஒரே குரலில், "இரும்பு என்ர தொழில்!" என்றார்கள். எதிரணிப் பொறியியலாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சுகந்திக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அதைப் பார்த்த பிறகு அவளாலும் அடக்க முடியவில்லை.

போட்டிக்கு நேரம் நெருங்கியது. ஹைக்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சுகந்தியின் பானையை மூடியிருந்த அலுமினியத் தாளில் ஒரு கீலத்தைக் கிழித்தாள். மடித்து, மணியின் இடப்பக்கத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பள்ளத்துக்குள் இறுக்கினாள். நின்றது. (ஒரு கடுகும் சேர்ந்து உள்ளே போயிருக்கலாம்.) பிறகு பிஸ்டலைச் சுகந்தியின் பக்கம் திருப்பி, நெற்றியைத் தொட்டுக் காட்டி, "தயவுசெய்து" என்றாள்.

கைப்பையில் குங்குமச் சிமிழ் இல்லாமல் எங்கள் வீட்டம்மா எங்கும் போவதில்லை. அவள் கொஞ்சம் தயங்கினாள். வாழ்க்கையில் அவள் துவக்குக்கு இவ்வளவு கிட்ட நின்றதில்லை. பிறகு ஒரு விரலை மட்டும் நீட்டி, மரப்பிடியில் ஒரு பொட்டு வைத்தாள்.

"இதை அராவ மாட்டாய்தானே?" என்றாள் ஹைக்கே என்னிடம்.

சுடும் கூடத்துக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவில் கண்ணாடிச் சுவர் ஒன்று இருந்தது. சுகந்தி அதற்குப் பின்னால் இரண்டு காதிலும் விரலை வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். நான் கையை நீட்டினேன். சுட்டேன்.

'ப்ஸ்.'

அவ்வளவுதான் சத்தம். சைக்கிள் ரியூப்பில் காற்றைத் திறந்துவிட்ட மாதிரி. அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். நான் இரண்டாவது குண்டைச் சுட்டேன். 'ப்ஸ்.' ஒரு காதில் இருந்து விரலை எடுத்தாள். பிறகு மறுகாதில் இருந்தும் எடுத்தாள்.

"இதுக்கோ?" கண்ணாடி தாண்டிக் கேட்டது. "இவ்வளவு நாளும் இதுக்கோ நான் பயந்தனான்? எங்கட குக்கர் விசில் இதைவிடப் பெரிசெல்லே!" சிரிக்கத் தொடங்கினாள். வருடக்கணக்காக எங்கோ இறுக்கி வைத்திருந்தது கழன்றுவிட்டதுபோலச் சிரித்தாள். கண்காணிப்பாளர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அவள் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு பிறகும் சிரித்தாள். நான் குறியை மறந்து அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் போட்டியில் எனக்கு நினைவிருக்கிற நல்ல நேரம் அதுதான்.

மற்றதெல்லாம் நல்லாயில்லை. ஒவ்வொரு சூட்டுக்கும் அலுமினியத் தாள் இளக இளக, மணி மெல்ல மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. என் குண்டுகளும் அதோடு ஊர்வலம் போய், கடைசியில் கடதாசியை விட்டுச் சட்டத்தில் பட்டன. எதிரணியில் ஒருவர் தொடங்குமுன் கடலையை ஆசையாக அள்ளிச் சாப்பிட்டிருந்தார். செத்தல் மிளகாய் வேலையைக் காட்டி, போட்டி முழுக்க அவருக்கு விக்கல். விக்கலும் சூடுமாக மாறி மாறிச் சுட்டார். அவர்கூட என்னைவிடக் கூடப் புள்ளி எடுத்தார்.

தோற்றோம். என்னால் மட்டும்தான் தோற்றோம். மற்ற இருவரும் நன்றாகச் சுட்டார்கள். நான் வெறும் பானையைக் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு ஹைக்கே வந்தபோது, இனி வர வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று தயாராகவே இருந்தேன். அவளுடைய அப்பா கொடுத்த பிஸ்டல். அந்தக் கடைசி மணி. "மன்னிச்சுக்கொள், ஹைக்கே" என்றேன்.

"அடுத்த போட்டி அவையளின்ர இடத்தில" என்றாள். "வா. உன்ர மனுசியையும் கூட்டி வா. கடலையும் வேணும். அரம் வேண்டாம்."

அடுத்த கிழமையே அவள் பள்ளத்தில் மெழுகை வைத்து அச்செடுத்து, தன் கூடத்தில் பல்லுக்கு வார்க்கும் உலோகத்தில் புது மணி ஒன்று வார்த்துப் பொருத்திவிட்டாள். அவளுடைய அப்பாவின் பிஸ்டலுக்கு இப்போது முன்பல் கட்டியிருக்கிறது. அதனால்தான் நான் இன்றும் சுடுகிறேன். சங்கத்து வேலை மேசைக்கு மேலே ஒரு பலகையும் தொங்குகிறது: 'சிவப்பு இருந்தால் முதலில் சுகந்தியைக் கேட்கவும்.' புதிதாகச் சேருகிறவர்கள் சுகந்தி என்பது ஏதோ அளவுகருவி என்று நினைக்கிறார்கள். நவராத்திரிக்கு அவளே சிமிழோடு வந்து, அலுமாரியைத் திறக்கச் சொல்லி, வரிசையாக எல்லா மரப்பிடிக்கும் பொட்டு வைத்துவிட்டுப் போவாள். துவக்கு மட்டும் இன்னமும் எங்கள் வாசல் தாண்டவில்லை. அந்தச் சட்டம் சட்டம்தான்.

ஆனால் நான் பாழாக்கிய மணி வீட்டுக்கு வந்துவிட்டது. சரஸ்வதியின் காலடியில், இடப்பக்கம் இல்லாமல் சாய்ந்து கிடக்கிறது. நவராத்திரிக்குக் கும்பம் வைக்கும் முதல் நாளன்று, பூசை தொடங்குமுன் சுகந்தி என்னிடம் கை நீட்டுவாள். நான் அரத்தைக் கொடுக்க வேண்டும். அது அவளுடைய சேலை அலுமாரிக்குள் போய், விஜயதசமி அன்று வாழைவெட்டு முடிந்த பிறகுதான் வெளியே வரும். அந்தக் கிழமை பின்னேர வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டுக் காலை வேலையை எடுத்துவிடுகிறேன். ஒரு பூசையும் தப்புவதில்லை.

போன நவராத்திரிக்கும் அப்படித்தான் அரத்தைக் கொடுத்துவிட்டுப் பவ்வியமாக நின்றேன். சுகந்தி கற்பூரம் காட்டி, மணிக்கு ஒரு பொட்டு வைத்து, பிறகு என் நெற்றிக்கு விரலைக் கொண்டுவந்தாள்.

"அம்மா, கவனம்" என்றாள் படியில் நின்ற நிலானி. "நடுவில வையுங்கோ. இடப்பக்கம் வைச்சா அப்பா அராவிப்போடுவார்."